ஊழ், விதி, தலையெழுத்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பிள்ளைகளுக்கு "ஊழ்" என்ற சொல் பள்ளிக்கூடத்தில் அறிமுகமாகிறது. "விதி" அதற்கு முன்பே ஏதாவது ஒரு இழவு வீட்டில் காதில் விழுந்திருக்கும். இரண்டும் ஒன்றுதானா, எங்கிருந்து வந்தன, எந்த இடத்தில் எதைச் சொல்வது என்று தமிழ் சொல்லிக்கொடுப்பவர்களிடம் ஆட்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கடை வாசலில் ஒட்டுகிற "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்பதும் இதே குடும்பம்தான். அதையும் விடவில்லை.

ஊழ் என்றால் என்ன பொருள்?

யார் தடுத்தாலும் நடந்தே தீருவது. கொஞ்சம் விரித்துச் சொன்னால், ஒருவர் செய்த நல்வினை தீவினைகளின் பயன் வேறு யாரிடமும் போகாமல் அவரையே வந்து சேர்கிற ஒழுங்கு. திருக்குறளின் 38ஆம் அதிகாரம் ஊழ். அறத்துப்பால் அதோடு முடிகிறது. அந்த அதிகாரத்துக்கு உரை எழுதும்போது பரிமேலழகர், ஊழ், பால், முறை, உண்மை, தெய்வம், நியதி, விதி எல்லாம் ஒரே பொருளைக் குறிக்கும் சொற்கள் என்கிறார்.

ஊழ் வேறு, தற்செயல் வேறு. ஊழ் என்று சொல்பவர், நடந்ததற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது என்று நம்புகிறார். அதில் கெட்டது மட்டும்தான் என்றும் இல்லை. குறள் 371 ஆகூழ், போகூழ் என்று இரண்டாகவே பிரிக்கிறது. பொருள் சேர வேண்டிய காலத்தில் ஆளுக்குச் சுறுசுறுப்பு வருமாம். போக வேண்டிய காலத்தில் சோம்பல் வருமாம்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

தமிழ்ச் சொல்தான். ஆனால் பழைய பாட்டுகளில் அது தலைவிதியை மட்டும் குறிக்கவில்லை. முறை, வரிசை என்பது ஒரு பொருள். முதிர்தல், மலர்தல் என்பது இன்னொரு பொருள். அகநானூற்றின் இரண்டாம் பாட்டில் கபிலர் "ஊழுறு தீங்கனி" என்கிறார். மலைச்சாரலில் குலை முற்றிப் பழுத்துக் கிடக்கும் வாழைப்பழம் அது. விதிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கற்றதை அடுத்தவருக்கு விளங்கச் சொல்லத் தெரியாதவரைக் குறள் 650 "இணரூழ்த்தும் நாறா மலர்" என்கிறது. கொத்துக் கொத்தாகப் பூத்தும் மணமில்லாத பூ.

பழுப்பதில் இருந்து விதிக்கு எப்படிப் போனது? என் யோசனை இது. காய் பழமாவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். காலம் வந்தால் பழுக்கும், அதற்கு ஒரு வரிசை உண்டு, பழுத்ததைத் திரும்பக் காயாக்க முடியாது. வினையையும் அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். கோவலன் கொலைப்படும் இடத்தில் இளங்கோவடிகள் எழுதுவது "வினைவிளை காலம் ஆதலின்" என்று. விளைகிற காலமாம். பழச்சந்தையில் ஒருவர் பேசினால் எந்தச் சொல் வருமோ, அந்தச் சொல்தான் அங்கேயும் வருகிறது.

ஊழி என்பதும் இதன் உறவுதான். மிக நீண்ட காலம், யுகம் என்று பொருள். "ஊழி பெயரினும்" என்று தொடங்கும் குறள் 989 பலருக்கு மனப்பாடமாக இருக்கும்.

ஊழலும் ஊழும் ஒரே வேரா?

கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள், ஆனால் நல்ல கேள்வி. ஆமாம், ஒரே வேர். பழுத்தது அப்படியே இருந்தால் பதன் கெட்டு அழுகும். ஊழ்த்தல் என்ற வினைக்கு அந்தப் பொருளும் உண்டு, அதிலிருந்துதான் ஊழல். லஞ்சத்துக்கு அந்தச் சொல் வந்தது பிற்பாடு. நம் பக்கம் ழகரத்தை ளகரமாக்கி "வாளப்பளம்" என்று சொல்லும் பழக்கம் இருப்பதால், எழுதும்போதும் சிலர் "ஊளல்" என்று எழுதிவிடுகிறார்கள். நாக்கு எப்படிப் போனாலும் போகட்டும், எழுத்தில் ழ வேண்டும்.

அப்படியானால் விதி?

வடமொழிச் சொல். ஏற்படுத்துதல், வகுத்து வைத்தல் என்பது அதன் அடிப்படை. சாலை விதி, தேர்தல் விதி, இலக்கண விதி, அபராதம் விதித்தார்கள் என்று நாம் சொல்வதெல்லாம் அதே சொல்தான். போலீஸ்காரர் ஹெல்மெட்டுக்கு விதிப்பதும் பிரமன் நமக்கு விதிப்பதும் தமிழில் ஒரே வினையில் ஓடுகின்றன.

வித்தியாசம் இங்கேதான். விதி என்று சொன்னவுடன் விதித்தவர் ஒருவர் வந்துவிடுகிறார். ஊழில் அப்படி ஆள் தேவையில்லை. அது தானாக முதிர்ந்து வருவது. ஆனால் இந்தக் கோட்டை ரொம்பவும் அழுத்திப் போடக் கூடாது. ஊழ் அதிகாரத்துக்கு உள்ளேயே, "வகுத்தான் வகுத்த வகையல்லால்" என்று வள்ளுவர் (377) ஒரு வகுத்தவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். கோடி கோடியாகச் சேர்த்தவனும் அவன் வகுத்த அளவுக்கு மேல் அனுபவிக்க முடியாதாம்.

தலையெழுத்து என்பது இந்த வகுத்தவன் கையில் எழுத்தாணியைக் கொடுத்த சொல். "அன்று எழுதினவன் அழித்தா எழுதப் போகிறான்" என்ற பழமொழி அதன் நீட்சி.

மதுரைப் பக்கம் பேச்சில் எதைச் சொல்கிறார்கள்?

ஊழ் என்று வாயால் யாரும் சொல்வதில்லை. பட்டிமன்ற மேடையில் மட்டும் கேட்கலாம். தெருவில் புழங்குவது விதி, தலையெழுத்து, தலைவிதி, தலைச்சுழி, கெரகம், நேரம், கொடுப்பினை, கருமம். எல்லாம் ஒன்று போலத் தெரியும், இடம் மாற்றிப் போட்டால் இடிக்கும்.

கெரகம் சின்ன எரிச்சலுக்கு. பஸ் நிற்காமல் போனால் "என் கெரகம்". மகன் இறந்து போன வீட்டில் அதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். தலையெழுத்து பெரும்பாலும் நீடித்த சங்கடத்துக்கு: குடிகாரப் புருஷன், தீராத கடன். நேரம், திருப்பம் வரும் என்ற நம்பிக்கை மிச்சம் இருக்கும்போது. நேரம் மாறும், தலையெழுத்து மாறாது. கருமம் வினை என்ற தன் பொருளை விட்டுவிட்டு முகம் சுளிக்கிற சொல்லாகிவிட்டது.

கொடுப்பினை எனக்குப் பிடித்த சொல். முன்பு கொடுத்து வைத்திருந்தால்தான் இப்போது கிடைக்கும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. "கொடுத்து வச்ச மகராசி" என்பதும் அதேதான். பெரும்பாலும் கிடைக்காமல் போனதற்குத்தான் சொல்வோம்: "பேரனைப் பாக்க அவருக்குக் கொடுப்பினை இல்ல." சித்திரைத் திருவிழாவில் அழகர் வந்து சேர்வதற்குள் மீனாட்சி கல்யாணம் முடிந்துவிடுகிறது என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள் அல்லவா? அண்ணனுக்குத் தங்கச்சி கல்யாணம் பார்க்கக் கொடுப்பினை இல்லை என்று பாட்டிமார் அதையும் இந்தச் சொல்லில் முடித்துவிடுவார்கள். சாமிக்கே அந்தக் கதி.

இழவு வீட்டில் "எல்லாம் விதி" என்று சொல்வது சரியா?

யார் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது. மேலூர்ப் பக்கம் ஒரு வீட்டில், பைக் விபத்தில் போன பையனின் அம்மா, "போகாதன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பான்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த கிழவி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அவன் எழுதிக்கிட்டு வந்தது அம்புட்டுத்தேன் தாயி, நீ சொன்னா மட்டும் நின்னுருவானா" என்றார். அந்த அம்மாவின் பேச்சு மாறியது. அதன் பிறகு அழுகைதான், குற்றச்சாட்டு இல்லை. அந்த இடத்தில் இதைவிட நல்ல வாக்கியம் எனக்குத் தெரியாது. தன்னைத்தானே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டவரை அது இறக்கிவிடுகிறது.

அதே வாசலில், மோதிய வண்டியின் தரப்பில் பேச வந்த ஒருவர், "விதிங்க, யாரு என்ன செய்ய முடியும்" என்றார். பந்தலில் இருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். சொல் அதேதான். பட்டவர் சொன்னால் ஆறுதல், செய்தவர் சொன்னால் தப்பித்தல். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துப் போவதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கதைகளும் இதைத்தான் காட்டுகின்றன என்பது என் வாசிப்பு.

சிலப்பதிகாரத்தில் ஊழ் எங்கே வருகிறது?

தொடக்கத்திலேயே. அரசியல் பிழைத்தவர்க்கு அறமே கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், "ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும்" என்று மூன்று உண்மைகளைப் பதிகம் சொல்லிவிடுகிறது. மூன்றாவதில் "ஊட்டும்" என்ற வினையைப் பாருங்கள். ஊழ் வந்து அடிக்கும் என்றில்லை. நாம் சமைத்ததை நமக்கே ஊட்டிவிடும்.

கதையின் திருப்பம் நடப்பது மதுரையில். பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு, விசாரிக்காமல், பாண்டியன் நெடுஞ்செழியன் ஆணை கொடுக்கிறான்; கோவலன் வெட்டுப்படுகிறான். கண்ணகி நகரை எரித்த பிறகு, நகரின் தெய்வமான மதுராபதி அவள் முன்னால் வந்து பின்கதை சொல்கிறது. முற்பிறவியில் கோவலன் பரதன் என்ற பெயரில் சிங்கபுரத்தில் இருந்தவன். வியாபாரத்துக்கு வந்த சங்கமன் என்பவனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்ல வைத்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, சபித்து, மலையேறி விழுந்து உயிரை விட்டாள். அந்த வினை இப்போது விளைந்தது. அப்படிப் பார்த்தால் பாண்டியன் வெறும் கருவி. அவன் நன்றாகத் தப்பித்திருக்கலாம்.

ஆனால் அவன் சொன்னது என்ன? "யானோ அரசன் யானே கள்வன்." காவல் "என்முதல் பிழைத்தது" என்கிறான், என்னிடத்தில்தான் தவறியது என்று. சொல்லி விழுந்து சாகிறான். ஊழ் என்ற விளக்கத்தைக் கவிஞர் சொல்கிறார், தெய்வம் சொல்கிறது. தீர்ப்புச் சொன்னவன் வாயில் மட்டும் அது வரவில்லை. நம் ஊர் அரசன் நல்ல அரசனா என்ற சண்டை பட்டிமன்றங்களில் இன்னும் ஓயவில்லை. இந்த ஒரு இடத்துக்காக நான் அவன் பக்கம்.

விதியைச் சொல்லி யாரையாவது விடுதலை செய்த கதை உண்டா?

உண்டு, அதுவும் மதுரைக் கதை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 25ஆவது, பழி அஞ்சின படலம். மதுரைக்கு வந்துகொண்டிருந்த ஒரு வேதியர், மனைவியை ஆலமரத்தடியில் உட்காரவைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போகிறார். எப்போதோ யாரோ எய்து மரத்தில் சிக்கியிருந்த அம்பு, காற்றில் ஆடி அவர் மனைவி மேல் விழுகிறது. அதே மரத்தின் மறுபக்கம் இளைப்பாற நின்ற வேடன் கையில் வில். வேறென்ன சாட்சி வேண்டும்?

குலோத்துங்க பாண்டியன் அவசரப்படவில்லை. வேடன் முகத்தைப் பார்த்தால் கொன்றவனாகத் தெரியவில்லை என்று சொக்கநாதரிடம் முறையிடுகிறான். செட்டித் தெருவில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்குப் போ என்று குரல் வருகிறது. வேதியரோடு அங்கே போய் நிற்கிறான். எமதூதர் இருவர் பேசிக்கொள்வது காதில் விழுகிறது: இந்த மாப்பிள்ளைக்கு நோயில்லையே, எப்படி உயிரைக் கொண்டுபோவது? ஆலமரத்து அம்பைக் காற்றால் விழவைத்தது போலத்தான். கட்டியிருக்கும் மாடு மேளச் சத்தத்தில் மிரண்டு முட்டும். அப்படியே நடக்கிறது. வேடன் விடுதலை ஆகிறான்.

இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்தால் வேடிக்கையாக இருக்கும். ஒன்றில் விசாரிக்காமல் கொன்றார்கள், பிறகு ஊழ் தெரிய வந்தது. மற்றதில் விசாரித்தபோது விதி தெரிய வந்தது, ஒரு உயிர் தப்பியது. விசாரணைக்குப் பதிலாக விதியை வைக்க இரண்டு கதையும் இடம் கொடுக்கவில்லை.

எல்லாம் ஊழ் என்றால் முயற்சி எதற்கு?

வள்ளுவரிடமே இரண்டு பதில் உண்டு. "ஊழிற் பெருவலி யாவுள" என்று 380இல் கேட்டவர், 620இல் சோராமல் முயல்கிறவர் ஊழையும் முதுகு காட்ட வைப்பார் என்கிறார். முரண்பாடு என்று பரீட்சையில் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. முதலாவது அறத்துப்பாலில், வந்ததைத் தாங்குகிறவனுக்குச் சொன்னது. இரண்டாவது பொருட்பாலில், ஆள்வினையுடைமை அதிகாரத்தில், இனிமேல் செய்யப் போகிறவனுக்குச் சொன்னது. ஒன்று பின்னால் பார்ப்பது, மற்றது முன்னால் பார்ப்பது.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் மகிபாலன்பட்டி இருக்கிறது, பழைய பூங்குன்றம். கணியன் பூங்குன்றனார் அந்த ஊர்க்காரர். "யாதும் ஊரே" என்ற முதல் வரியோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறோம். புறநானூறு 192 முழுக்க ஊழைப் பற்றிய பாட்டு: ஆற்று நீர் போன வழியே போகும் தெப்பம் போல உயிர் முறைவழிப் போகும் என்று தெளிந்தோம். தெளிந்து? பெரியோரை வியக்கவும் மாட்டோம், சிறியோரை இகழ்வது அதைவிட இல்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை, ஆளைத் தூக்கியும் தாழ்த்தியும் பேசாதே என்கிறார்.

வேறொரு உதாரணம் வேண்டுமென்றால் தேனி, மதுரைப் பக்கத்து வயல்கள். மேற்கே ஓடி வீணாகக் கடலில் கலந்த பெரியாற்றுத் தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். முல்லைப் பெரியாறு அணை 1895இல் திறந்தது. அதற்கு முன் வறட்சியை இந்தச் சீமையின் தலையெழுத்து என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இது எந்த மதத்தின் கருத்து?

ஒரு மதத்துக்கு மட்டும் எழுதிக்கொடுக்க முடியாது. சமணர் வினையைப் பற்றி நிறையச் சொன்னார்கள். கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனவர்களுக்கு அவர்கள் இங்கே எவ்வளவு ஊன்றியிருந்தார்கள் என்பது தெரியும். சமண முனிவர்கள் பாடியதாகச் சொல்லப்படும் நாலடியாரில் பழவினை அதிகாரம், பல பசுக்களுக்கு நடுவில் கன்று தன் தாயைக் கண்டுபிடித்துப் போவது போல வினை செய்தவனைத் தேடிப் போகும் என்கிறது. ஆனால் சமணருக்கு வினையை முயன்று அறுக்கலாம். ஆசீவகர்கள்தான் எதையும் மாற்ற முடியாது, எல்லாம் நியதி என்று கடைசிவரை போனவர்கள். மகளுக்கும் மருமகனுக்கும் நேர்ந்ததைக் கேட்ட கண்ணகியின் தந்தை மாநாய்கன், சொத்தையெல்லாம் தானம் செய்துவிட்டு ஆசீவகரிடம் போய்த் துறவு பூண்டார் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. அந்த நிலையில் அவருக்கு வேறு எந்தத் தத்துவம் ஆறுதல் கொடுத்திருக்கும்?

"தவிர்க்க முடியாத" என்பதும் "இன்றியமையாத" என்பதும் ஒன்றா?

இல்லை. வேண்டாம் என்றாலும் வருவது தவிர்க்க முடியாதது. அது இல்லாமல் ஆகாது என்பது இன்றியமையாதது. "நீரின்று அமையாது உலகு" என்பதிலிருந்து பிரித்துப் பார்த்தால் விளங்கும். முதுமை தவிர்க்க முடியாதது, தண்ணீர் இன்றியமையாதது. இப்போது பத்திரிகைகளில் "தமிழ் சினிமாவின் தவிர்க்க முடியாத நடிகர்" என்று பாராட்டாக எழுதுகிறார்கள். படித்தால், தவிர்க்கப் பார்த்தோம், முடியவில்லை என்று கேட்கிறது. பழகிவிட்டது, இனி திருத்த முடியாது.

தவிர்க்கவியலாத, தவிர்க்க இயலாத: எது சரி?

இரண்டும். சேர்த்து எழுதினால் வகர உடம்படுமெய் வரும், பிரித்து எழுதினால் வேண்டாம்.

"தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று எழுதும்போது காரணத்தையும் சொல்ல வேண்டுமா?

சொல்ல முடிந்தால் சொல்லிவிடுங்கள். காரணத்தைச் சொல்ல விரும்பாதவர்களுக்கு ஏற்பட்ட வாக்கியம் அது. மாசி வீதி ஒன்றில் ஒரு ஜெராக்ஸ் கடை ஷட்டரில், "தவிர்க்க முடியாத காரணங்களால் இன்று கடை விடுமுறை" என்று தாள் ஒட்டியிருந்தது. அதன் கீழேயே யாரோ பால்பாயிண்ட் பேனாவில், "அண்ணே, அழகர்கோயில்ல கெடா வெட்டுன்னு எழுதவேண்டியதுதானே" என்று எழுதியிருந்தார்கள். மதுரையில் கெடா வெட்டு தவிர்க்க முடியாத காரணம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஒரு காரணம்தான் இருந்தாலும் "காரணங்களால்" என்று பன்மையில் போடுவது மட்டும் ஏன் என்று புரியவில்லை.

கல்யாண மண்டபம் அந்தக் காரணத்தைச் சொல்லி ரத்து செய்தால் முன்பணம் திரும்ப வருமா?

முதலில் ரசீதின் பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் நிபந்தனைகளைப் படியுங்கள்; பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். அதில் ஒன்றும் இல்லையென்றால் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இருக்கிறது. பேசி முடித்த பிறகு ஒரு காரியம் செய்யவே முடியாததாகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்பது பிரிவு 56. அப்படிச் செல்லாமல் போனால் வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும் என்பது பிரிவு 65. 2020 மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கு போல ஒன்று என்றால் முடியாதது என்று வாதிடலாம். கூட வாடகை கொடுக்க வேறொரு பார்ட்டி வந்துவிட்டது என்பதெல்லாம் அதில் சேராது. சிரமம் வேறு, முடியாமை வேறு.

"அசம்பாவிதம்" என்றால் தவிர்க்க முடியாத விபத்தா?

நடக்க வாய்ப்பில்லாதது என்பதுதான் அதன் சொற்பொருள். "அசம்பாவிதம் எதுவும் நடக்காமல் இருக்கப் போலீஸ் பாதுகாப்பு" என்று நாளிதழில் வரும்போது, விரும்பத்தகாத சம்பவம் என்ற பொருளில் ஓடுகிறது. அதுவே நிலைத்தும் விட்டது.

கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் என்ன எழுதலாம்?

வயதானவர் என்றால் "இயற்கை எய்தினார்", "இறைவனடி சேர்ந்தார்" இரண்டும் வழக்கம். இளவயதில் போனவர்களுக்கு "விதியின் விளையாட்டால் அகால மரணமடைந்த" என்று போடுகிறார்கள். விதி என்றால் நாள் முன்பே குறித்தாயிற்று. அகாலம் என்றால் அந்த நாள் வருவதற்குள் போனது. இரண்டும் ஒரே வரியில் சேராது, ஆனால் அந்த வீட்டில் போய் இலக்கணம் பேச முடியாது. இரண்டையுமே அவர்கள் உண்மையாகத்தான் உணர்கிறார்கள். ஒன்றைத்தான் போட வேண்டும் என்றால் நான் "அகால" என்பதை வைத்துக்கொண்டு விதியை எடுத்துவிடுவேன். பிரிண்டிங் கடையில் மாதிரித் தாள் கொடுக்கும்போது பெயர், வயது, எடுக்கிற நேரம் மூன்றையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் படிப்பது அதைத்தான்.